இலையை எடுப்பவருக்கே முதல் மரியாதை!

(பட்டிமன்றத் தலைப்பு: மின்சார விஞ்ஞானத்தில் முதல் மரியாதை யாருக்கு? ஆக்குபவருக்கா? அகற்றுபவருக்கா? ‘அகற்றுபவருக்கே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)



எதிரணித் தம்பி பேசி முடிச்சதும் எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். என்ன அழகாப் பேசினார்! “கையளவு யுரேனியத்தில் ஊருக்கே விளக்கெரியும்” என்றார். “சூரியனையே பூமிக்கு இறக்கப் போகிறோம்” என்றார். கேட்கக் கேட்க, அடுத்த மாசத்திலிருந்து கரண்ட் பில்லே வராதோன்னு எனக்கே ஒரு நப்பாசை! (சிரிப்பு)

தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி. கல்யாண வீட்டுக்குப் போறீங்க. முதல் பந்தியில இடம் பிடிச்சு உட்கார்றீங்க. திருப்தியாச் சாப்பிட்டுட்டு, சமையல்காரரைத் தேடிப் போய், “சாம்பார் பிரமாதம்”னு சொல்லிட்டு வர்றீங்க. இலையை எடுத்தவர் பேர் என்னன்னு கேட்டீங்களா? அவர் முகத்தையாவது பார்த்தீங்களா?

முதல் பந்தி இலையை எடுக்காம ரெண்டாம் பந்தி உட்கார முடியுமா ஐயா? ஆக்குகிறவர் இந்தப் பந்திக்குச் சோறு போடுகிறார். இலையை எடுப்பவர் அடுத்த பந்திக்கு இடம் தருகிறார். அடுத்த பந்தியில உட்காரப் போறது யாரு? நம்ம பேரப்பிள்ளைங்க! (கைதட்டல்)

தருமர் ராஜசூய யாகம் செய்தாரே, அங்கே கண்ணன் என்ன வேலை பார்த்தான்னு நம்ம ஊர் கதாகாலட்சேபத்துல சொல்லுவாங்க. எச்சில் இலை எடுத்தானாம். முதல் தாம்பூலம் யாருக்குன்னு சபையில கேள்வி வந்தப்போ, அந்தக் கண்ணனுக்குத்தானே கொடுத்தாங்க? இந்தத் தலைப்புக்குத் தீர்ப்பு அன்னைக்கே வந்தாச்சு. நடுவர் கையெழுத்துப் போட்டால் போதும்! (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அணு உலையில என்ன இலை மிஞ்சுது? நான் பள்ளிக்கூடத்துல பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவள். எளிமையாவே சொல்றேன்.

கூடங்குளம் மாதிரி உலைகளிலிருந்து எரிந்து வெளியே வரும் எரிபொருளில் 100 கிலோ எடுத்துக்குங்க. அதுல ஏறக்குறைய 95 கிலோ பழைய யுரேனியமேதான். ஒரு கிலோ போல புளூட்டோனியம். மிச்சம் மூணு, நாலு கிலோதான் அணு பிளந்து உண்டான துண்டுகள். நிலக்கரி 100 கிலோ எரிச்சா நம்ம நாட்டு நிலக்கரியில 30 முதல் 40 கிலோ வரை சாம்பல். “பாருங்க, எங்க கழிவு எவ்வளவு கொஞ்சம்!” என்று எதிரணி குதிக்கும். குதிக்கட்டும். பாம்பு சின்னதா இருந்தா விஷம் இல்லைன்னு ஆயிடுமா?

இந்தத் துண்டுகளுக்கு ‘அரை ஆயுள்’ என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டுல ஒரு தட்டு லட்டு வச்சிருக்கீங்க. பையன் இன்னைக்குப் பாதியைக் காலி பண்றான். நாளைக்கு மீதியில பாதி. மறுநாள் அதுல பாதி. குறைஞ்சுக்கிட்டே வரும், சட்டுனு தீராது. அயோடின் 131 என்றால் எட்டு நாளில் பாதியாகும். சீசியம் 137 பாதியாக 30 வருஷம். புளூட்டோனியம் 239 பாதியாக எத்தனை வருஷம் தெரியுமா? 24,000 வருஷம்! ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். ஆயிரம் வருஷம்தான் ஆகியிருக்கு. அந்த மாதிரி இருபத்து நாலு ஆயிரம் போனாலும், பாதிதான் குறையும்.

இலையை எடுக்காம விட்டா என்ன ஆகும்? ரெண்டே சம்பவம் சொல்றேன்.

1957, செப்டம்பர் 29. சோவியத் நாட்டில் மாயக் என்கிற இடம். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் பிரிச்ச பிறகு மிஞ்சிய கழிவைத் தொட்டியில வச்சிருந்தாங்க. அந்தக் கழிவு தானாவே சூடாகும். அதனால எப்பவும் குளிர வச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு தொட்டியில குளிரூட்டும் ஏற்பாடு கெட்டுப் போச்சு. யாரும் சரி பண்ணலை. தொட்டி வெடிச்சது. பத்தாயிரம் பேருக்கு மேல ஊரைக் காலி பண்ண வேண்டியதாச்சு. அந்த அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது 1989-ல்! கவனிங்க ஐயா, வெடிச்சது உலை இல்லை, குப்பைத் தொட்டி. ஆக்கின இடத்துல விபத்து இல்லை, அகற்றாத இடத்துல விபத்து!

ரெண்டாவது, அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு. அங்கேயும் அணுகுண்டு வேலைதான். மண்ணுக்குள்ள 177 தொட்டிகள். பல தொட்டிகள் கசிந்தன. அந்தக் கழிவைக் கெட்டியாக்க ஓர் ஆலை கட்ட ஆரம்பிச்சது 2002-ல். ஓடத் தொடங்கினது 2025-ல். அப்பா 1944-ல் ஆக்கினார், பேரன் 2025-ல் பாத்திரம் தேய்க்கிறான்! (கைதட்டல்)

அப்போ இலையை எடுக்கிறவர் என்ன செய்கிறார்? எரிஞ்ச எரிபொருளை முதல்ல சில வருஷம் தண்ணீர்த் தொட்டியில போட்டு ஆற வைக்கிறார். அப்புறம் நைட்ரிக் அமிலத்தில் கரைச்சு, மறுபடி பயன்படும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தனியாப் பிரிக்கிறார். தடிமனான கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் கழிவு. ஈயக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இவர். இயந்திரக் கையாலதான் வேலை. பிரிச்சதுபோக மிஞ்சும் திரவம்தான் பொல்லாதது. அதைக் கண்ணாடி செய்யும் பொருள்களோடு சேர்த்து உலையில உருக்கி, எஃகு உருளையில ஊத்தி, ஆற வச்சு மூடிடறார்.

ஏன் கண்ணாடி? பொரி உருண்டையில பொரி ஒட்டிக்கிட்டு இருக்கும், தட்டினா உதிரும். இது அப்படி இல்லை. பாகுல கரைஞ்ச வெல்லம் மாதிரி கழிவு கண்ணாடியோட கண்ணாடியாவே ஆயிடுது. தண்ணி பட்டாலும் லேசுல கரையாது. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டில் மண்ணைத் தோண்டினப்போ ரெண்டாயிரம் வருஷத்துக் கண்ணாடி மணி இன்னும் மணியாவே கிடைச்சுது! இந்தக் கண்ணாடியாக்கும் வேலை நம்ம நாட்டிலேயே தாராப்பூரிலும், டிராம்பேயிலும், நம்ம கல்பாக்கத்திலும் நடக்குது. இதுல யாராவது ஒருத்தர் பேரு நமக்குத் தெரியுமா? தெரியாது. அதான் இலையை எடுக்கிறவர்!

இன்னொரு அதிசயம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தக் கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்து, கண்ணாடிப் பென்சில் மாதிரி செய்திருக்கிறார்கள். எதுக்கு? எதிர்ப்பு சக்தி இல்லாத நோயாளிக்கு ரத்தம் ஏத்தும்போது, கொடுத்தவரோட வெள்ளையணுக்கள் நோயாளி உடம்பையே தாக்கக்கூடும். ஏத்துறதுக்கு முன்னால அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தா அந்த ஆபத்து விலகும். அந்தக் கதிர்வீச்சைத் தருவது இந்தப் பென்சில்! எச்சில் இலையிலிருந்து மருந்து எடுத்த மகராசனுக்கு முதல் மரியாதை கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கிறது? (கைதட்டல்)

இப்போ தம்பியோட சூரியனுக்கு வர்றேன். “அணுவைப் பிளக்க வேண்டாம், சேர்ப்போம், கழிவே இருக்காது” என்றார். நல்ல கனவு. நான் கேலி பண்ணலை. 2022 டிசம்பர் 5-ல் அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வகத்தில், லேசரால் 2.05 மெகாஜூல் சக்தியைச் செலுத்தி, 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். சாதனைதான். ஆனா அந்த லேசரை ஓட்ட இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்! நூறு ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்து, ஒரு ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கி வந்த கதை. (சிரிப்பு) பிரான்சில் நம்ம நாடும் பங்காளியாக இருந்து கட்டும் ‘ஈட்டர்’ உலைக்கு 2006-ல் ஒப்பந்தம் போட்டாங்க. 2024-ல் அவங்களே திருத்திச் சொன்ன கணக்குப்படி முழு எரிபொருளோட அது ஓடுறது 2039-ல்!

சரி, அது வந்தாலும் கழிவே இருக்காதா? அணுக்கள் சேரும்போது நியூட்ரான்கள் பாய்ந்து வந்து உலைச் சுவரில் மோதும். அந்த எஃகுக்கே கதிர்வீச்சு ஏறும். எரிபொருளான டிரிட்டியமே கதிர்வீச்சு உள்ளது. நியாயமாச் சொல்றேன், இது பல ஆயிரம் வருஷத்துப் பாம்பு இல்லை, நூறு வருஷக் கணக்குதான். ஆனாலும் ஒருத்தர் அகற்றணுமே! இங்கிலாந்தில் ‘ஜெட்’ என்று ஒரு பெரிய இணைவு இயந்திரம். 40 வருஷம் ஓடி 2023 டிசம்பரில் நிறுத்தினாங்க. அடுத்த வேலை என்ன? அதைப் பிரிச்சுச் சுத்தம் பண்றது. தம்பி, உங்க சூரியன் வீட்டிலும் எங்க ஆள்தான் வேலை பார்க்கிறார்! (பலத்த கைதட்டல்)

பின்லாந்துக்காரரைப் பாருங்க. சாப்பிட உட்காரும்போதே இலை எடுக்கிற கூலியை எடுத்து வச்சுட்டாங்க. மின்சார விலையிலேயே கழிவுச் செலவையும் சேர்த்து வாங்கி, 1980-களிலேயே தனி நிதி போட்டாங்க. ஓங்கலோ என்ற இடத்தில், 190 கோடி வருஷத்துப் பாறையில், 400 மீட்டருக்கும் கீழே சுரங்கம் தோண்டினாங்க. எரிபொருளைச் செம்புக் கலத்தில் வைத்து, சுற்றிலும் களிமண் அடைச்சு மூடும் திட்டம். 2024-ல் சோதனை ஓட்டம் தொடங்கிட்டாங்க. நம்ம நாட்டில் அந்தக் கண்ணாடி உருளைகளைக் காற்றில் குளிரும் கிடங்கில் பத்திரமா வச்சிருக்கோம். ஆழத்தில் நிரந்தர இடம் இன்னும் அமையலை. வேலை பாக்கி இருக்கு. அதைச் செய்யப் பிள்ளைங்க வேணும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரு நிமிஷம் ஐயா, என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்லி முடிச்சுடறேன்.

என் பொண்ணு ரசாயனப் பொறியியல் படிச்சவ. “அம்மா, அணுக்கழிவைக் கண்ணாடியாக்குற ஆராய்ச்சியில சேரப் போறேன்”னு ஒரு நாள் வந்து நின்னா. நான் பௌதிக டீச்சர். சந்தோஷப்பட்டிருக்கணுமில்ல? எனக்கு முகம் சுருங்கிடுச்சு. கல்யாண வீட்டுல யாராவது “பொண்ணு என்ன பண்றா?”ன்னு கேட்டா, “அணு ஆராய்ச்சி”ன்னு மட்டும் சொல்லுவேன். ‘கழிவு’ங்கிற வார்த்தையை முழுங்கிடுவேன். ஒரு தடவை என் பொண்ணு பக்கத்துலயே நின்னு அதைக் கேட்டுட்டா. ஒண்ணும் சொல்லலை. வர்ற வழியெல்லாம் பேசலை.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியாரிடம், “அத்தை, இவ வேற ஏதாவது எடுத்துப் படிக்கக் கூடாதா?”ன்னு கேட்டேன். எங்க அத்தை அஞ்சாங் கிளாஸ் தாண்டாதவங்க. அம்பது வருஷம் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குப் பாத்திரம் தேய்ச்ச கை அவங்க கை. சொன்னாங்க: “ஏம்மா, லைட்டு, ஃபேன், மிக்ஸின்னு அனுபவிச்சது நாம. நாம தின்ன இலையை என் பேத்தி எடுக்கிறேங்கிறா. உனக்கு வெட்கமா இருக்கா? எடுக்காம எந்திரிச்சு வந்த நமக்கில்ல வெட்கமா இருக்கணும்?”

அன்னைக்கு ராத்திரி என் பொண்ணுக்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். இன்னைக்கு இத்தனை பேர் முன்னால, தொலைக்காட்சியில, முழுங்காம சொல்றேன்: என் பொண்ணு அணுக்கழிவு ஆராய்ச்சி பண்றா! (பலத்த கைதட்டல்)

ஆக்குபவர் பெரியவர்தான், மறுக்கவில்லை. அவர் விளக்கேற்றட்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் நாம் வாழ்ந்துவிட்டு, இருட்டை மட்டும் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டுப் போகாமல் காக்கிறவர் அகற்றுபவர். ஆகவே, மின்சார விஞ்ஞானத்தில் முதல் மரியாதை அகற்றுபவருக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமென நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.