மேடையில் வாசிப்பது கையா, கணினியா?



"இசை விழா மேடைகளில் கலைஞர்கள் உண்மையிலேயே வாசிக்கிறார்களா?" என்பது இன்றைய கருத்தரங்கில் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு முன்பு பேசியவர்களில் ஒருவர், "எல்லாம் டிராக்தான், சுத்த ஏமாற்று வேலை" என்றார். இன்னொருவர், "காதுக்கு இனிமையாக இருந்தால் போதும், எங்கிருந்து வந்தால் என்ன?" என்று கேட்டார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத்துறை படித்துவிட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேலாக மேடையோரம் மைக் பிடித்து நிற்பவள் என்ற முறையில் மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

மேடைக்குப் பின்னால்

மேடை இசையில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் பாட்டும் வாத்தியமும் முழுக்க அங்கேயே, நம் கண்முன்னே பிறக்கின்றன. இரண்டாவது வகையில் பாடகர் பாடுகிறார், இசை மட்டும் பதிவிலிருந்து வருகிறது. 'மைனஸ் ஒன்' என்று நாம் சொல்வது இதைத்தான். மூன்றாவது வகையில் குரலும் பதிவுதான். பாடகர் வாயை மட்டும் அசைக்கிறார்.

முதல் வகைக்கும் இரண்டாவது வகைக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. பெரிய திரையிசை நிகழ்ச்சிகளில் இப்போது அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இன்றைய சினிமாப் பாட்டில் பல அடுக்குகளாக ஒலி சேர்க்கப்படுகிறது. மேடையில் பத்துப் பேர் நின்றாலும் அத்தனையையும் வாசிக்க முடியாது. அதனால் வயலின் கூட்டமும் கோரஸும் கணினியிலிருந்து வரும். டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் 'டிக், டிக்' என்று ஓர் ஒலி விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு 'கிளிக்' என்று பெயர். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார், மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஓர் அடியை ரசித்து இன்னொரு முறை பாட வேண்டும் என்று பாடகருக்குத் தோன்றலாம். நீங்களும் கைதட்டி அதையே கேட்கலாம். ஆனால் கணினி யாருக்காகவும் காத்திருக்காது, அடுத்த வரிக்குப் போய்விடும்.

தொலைக்காட்சிக்காரர்களாகிய எங்கள் மீதும் இந்தப் புகார் உண்டு. எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். திறந்தவெளி மேடை. ஏழு குழுக்கள் அடுத்தடுத்து ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கே நிமிடம். ஒரு முழு இசைக்குழுவுக்கு மைக் வைத்து ஒலியைச் சரிபார்க்கவோ அரை மணி நேரம் வேண்டும். நடுவில் மழை வேறு வரும். நேரலையில் ஐந்து நொடி மௌனம்கூட ஐந்து நிமிடம் போலத் தெரியும். ஏற்பாட்டாளர்கள் பதிவை நாடுவது பெரும்பாலும் பயத்தால்தான், சோம்பலால் அன்று.

யாருடைய பெயர்?

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. 2009 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா பதவியேற்றபோது, உலகப் புகழ்பெற்ற யோ யோ மாவும் இட்ஸாக் பெர்ல்மனும் இன்னும் இருவரோடு சேர்ந்து வாசித்தார்கள். மக்கள் கேட்டதோ இரண்டு நாள் முன்பு பதிவு செய்த இசை. கடுங்குளிரில் தந்திகள் சுருதி விலகிவிடும் என்பது காரணம். 2014இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்ட இடைவேளையில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழு ஆடிப் பாடியது. குரல் மட்டுமே நேரடி. கித்தார்களில் ஒயரே செருகப்படவில்லை. அந்தக் குழுவின் பேஸ் கித்தார் கலைஞர் ஃபிளீ இதைப் பிறகு வெளிப்படையாகவே எழுதினார்.

இவற்றோடு வேறு இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லி வனில்லி என்ற இருவருக்குக் கொடுத்த கிராமி விருது 1990இல் திரும்பப் பெறப்பட்டது. அவர்களுடைய இசைத்தட்டில் பாடியவர்கள் வேறு ஆட்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி பாடி உலகத்தையே மயக்கினாள். ஆனால் அந்தக் குரல் 7 வயது யாங் பெய்யி என்ற இன்னொரு சிறுமியுடையது. அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒருத்தியை முன்னே நிறுத்தி, பாடியவளைப் பின்னே மறைத்தார்கள். விழாவின் இசை இயக்குநர் வானொலியில் சொன்ன பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

முதல் இரண்டிலும் வாசிக்கத் தெரிந்தவர்கள், தங்கள் வாசிப்பையே ஒலிக்கவிட்டார்கள். பின்னிரண்டில் உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

தமிழர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. நம் தொடக்ககாலப் பேசும் படங்களில் நடித்தவர்களே பாடினார்கள். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பன் பின்னணிக் குரலைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்ஜிஆரும் சிவாஜியும் வாயசைத்தார்கள். ஏமாந்துவிட்டோம் என்று நாம் வருத்தப்பட்டோமா? இல்லையே! பாடியவர் யார் என்று நமக்குத் தெரியும். வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னார். பதிவு செய்த இசையில் தவறில்லை. அதை மறைத்துவிட்டு, 'நேரடி இசை' என்று நுழைவுச்சீட்டில் அச்சடித்துக் காசு வாங்குவதுதான் தவறு.

நம் ஊரின் கேள்வி

நுழைவுச்சீட்டுக் காசைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சிஃபாஸ் எனும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. அங்கும், வேறு பல கலைப் பள்ளிகளிலும், சமூக மன்றங்களிலும் பிள்ளைகள் மிருதங்கமும் வயலினும் வீணையும் தபேலாவும் கற்கிறார்கள். பள்ளிப் பாடத்துக்கும் தேசிய சேவைக்கும் நடுவில் பத்து ஆண்டுகள் சாதகம் செய்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் எங்கே வாசிப்பது? எட்டுப் பேர் கொண்ட குழுவை மேடையேற்றினால் எட்டுப் பேருக்கும் ஒத்திகை, சம்பளம், போக்குவரத்து எல்லாம் வேண்டும். விரல் நீளமுள்ள ஒரு யுஎஸ்பி, சம்பளமும் கேட்காது, சாப்பாடும் கேட்காது.

தமிழ்நாட்டில் பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் முரசும் மணியும் சேகண்டியும் மின்மோட்டாரில் அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் போதும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தவில் வாசித்தவர் என்ன ஆனார், அவர் மகன் என்ன தொழிலுக்குப் போனான் என்று யார் கேட்டார்கள்?

நேரடி இசை இல்லாவிட்டால் என்ன குறையும் என்பதைச் சிங்கப்பூர் இந்துக்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் 1973இல் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. குழுக்களிடையே நடந்த சண்டைகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பக்தர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. 2019இல் பாதையின் சில பகுதிகளில் இந்தியத் தாள வாத்தியங்களையும் வாசிக்கலாம் என்றானது.

பதிவு செய்த பக்திப் பாட்டு போதும் என்றால் இத்தனை காலம் எதற்காகக் கேட்க வேண்டும்? காவடி எடுப்பவரின் கால் தளர்கிறது. மேளக்காரர் அதைப் பார்க்கிறார். தாளத்தைக் கொஞ்சம் முடுக்குகிறார். காவடி மீண்டும் ஆடத் தொடங்குகிறது. நேரடி இசை என்றால் இதுதான். நாம் அவரைக் கேட்பது மட்டுமில்லை, அவரும் நம்மைப் பார்த்து வாசிக்கிறார். எவ்வளவு துல்லியமான பதிவாலும் இதைச் செய்ய முடியாது.

செய்யக்கூடியவை

கடைசியாக மூன்று யோசனைகள். முதலாவது, ஏற்பாட்டாளர்களுக்கு. விளம்பரத்திலும் நுழைவுச்சீட்டிலும் உள்ளதை உள்ளபடி போடுங்கள். 'குரல் நேரடி, இசை பதிவு' என்று நான்கு சொற்கள் போதும். தொலைக்காட்சியில் நாங்களும் திரையின் அடியில் அதையே காட்டலாம். மைனஸ் ஒன்னுக்குப் பாடுவதும் திறமைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, நிதி ஆதரவு தருகிறவர்களுக்கு. தீபாவளிச் சமயத்தில் தேக்காவில் எத்தனையோ மேடைகள் போடுகிறோம். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரத்தை உள்ளூர் வாத்தியக் கலைஞர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் டிராக் கூடாது. ஒலி சரிபார்ப்பதற்கான நேரத்தையும் செலவையும் முன்கூட்டியே திட்டத்தில் சேருங்கள்.

மூன்றாவது, ரசிகர்களாகிய நமக்கு. இசைத்தட்டில் கேட்டது போலவே மேடையிலும் இருக்க வேண்டும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம். ஒரு சுரம் பிசகினால் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கே அனுப்புகிறோம். பிசகுக்குப் பயந்துதான் கலைஞர்கள் கணினிக்குப் பின்னால் ஒளிகிறார்கள். ஒரு பையன் மேடையில் தடுமாறி, சமாளித்து, மீண்டும் தாளத்தைப் பிடித்தால் அதற்கும் கைதட்டுவோம். அடுத்த ஆண்டு அவன் தடுமாறமாட்டான். நாம் கைதட்டவில்லை என்றால் அடுத்த ஆண்டு அவன் மேடைக்கே வரமாட்டான்.