சூரியன் மேல் போட்ட பழி



சூரியனைப்பற்றி நாம் பேசப்போகிறோம் என்றவுடன், நவக்கிரகங்களைத் திட்டப்போகிறோம் என்று எண்ணி வந்தவர்கள் ஏமாற்றமடைவார்கள். சூரியன் நம்மிடம் கோதுமையும் கேட்கவில்லை, நெய்விளக்கும் கேட்கவில்லை. கேட்கிறவன் யார் என்பது உங்களுக்கே தெரிந்த விஷயம்.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் வழிவழியாய்ச் சொல்லிவந்ததைக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நடந்தது. சென்னை மாகாணத்தில் அதிகமாய் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ஜனங்கள் ஏன் செத்தார்கள்? பஞ்சாங்கக்காரனைக் கேட்டால் கிரகக் கோளாறு என்பான். பாகவதரைக் கேட்டால் பூர்வஜென்ம பாவம் என்பார். ஆனால் 1877-ல் லண்டனில் லாக்யர் என்ற வானநூல் நிபுணரும், இந்திய சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரி ஹண்டரும் சேர்ந்து வேறொரு காரணம் எழுதினார்கள். சூரியன்மேல் தோன்றும் கரும்புள்ளிகள் குறையும் வருஷங்களில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றார்கள்.

இது ஜோசியமல்ல. புள்ளிகள் சுமார் 11 வருஷத்திற்கொருமுறை பெருகிக் குறைவதை 1843-ல் வெளியிட்டவர் ஷ்வாபே என்ற ஜெர்மானிய மருந்துக்கடைக்காரர். எந்தப் பட்டமும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 17 வருஷம் வெயில் கண்ட நாளெல்லாம் பார்த்து எண்ணினார், அவ்வளவுதான். ஆகவே லாக்யர் கூட்டத்தார் ஊகித்ததில் குற்றமில்லை. ஆனால் அந்த ஊகம் யாருக்குச் சௌகரியமாயிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சத்தின் நடுவிலேயே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் துரை கூலியைக் குறைத்தார். மழை பொய்த்ததற்குச் சூரியன் காரணமாயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். கூலியைக் குறைத்ததற்குமா சூரியன் காரணம்?

இருந்தாலும் அந்தப் பஞ்சத்தால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. மழைக்கும் புள்ளிக்கும் சம்பந்தமுண்டா என்று பார்க்க ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் வேண்டுமென்ற பேச்சு எழுந்து, கடைசியில் அது 1899-ல் கொடைக்கானலில் ஏற்பட்டது. 1904 முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்பவர் கரும்புள்ளிக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டார். மழை விஷயம் என்னவாயிற்று என்றால், கில்பர்ட் வாக்கர் கணக்குப்போட்டுப் பார்த்து, புள்ளியை வைத்து மழை சொல்ல முடியாதென்று கண்டார். அதற்காக யாரும் அவரை நாஸ்திகன் என்று வையவில்லை.

புள்ளிக்கும் மழைக்கும் உறவு நிலைக்கவில்லை. புள்ளிக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவோ கெட்டியாய் நின்றது. நம் கஞ்சமலையில் காந்தக் கல் இருப்பதால் திசைகாட்டி முள் அங்கே கோணும். அது கல்லின் வேலை. மலையை விட்டு விலகினால் சரியாகிவிடும். உலகமெங்கும் ஒரே சமயத்தில் முள் ஆடினால் அதற்கு எந்தக் கல் காரணம்? 1859 செப்டம்பர் 1-ந் தேதி காரிங்டன் என்ற ஆங்கிலேயர் சூரியனில் ஒரு வெளிச்சம் வெடிக்கக் கண்டார். ஒரு நாளுக்குள் பம்பாய் கொலாபாவில் காந்தக் கருவியின் அளவு சட்டென்று சரிந்தது. மேல்நாடுகளில் தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. 1989 மார்ச்சில் இதே மாதிரிப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தது. 2024 மே மாதத்தில் லடாக்கின் ஹான்லேயில் வானமே சிவந்தது.

அந்தச் சமயத்தில் நமக்குத் தெரிந்த நாமக்கல் லாரிக்காரர் ஒருவர், "சூரியப் புயலாம், வண்டிக்குத் தோஷமாம்" என்று ஒரு ஜோசியனிடம் பணத்தைக் கொட்டிவிட்டு வந்தார். அவருக்கு நாம் சொன்னதாவது: நாம் பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பதால் மின்கம்பிகளுக்கு வடநாட்டாரைப்போல அவ்வளவு பயமில்லை. மேல்வானத்தின் மின்படலம் கலங்கினால் கைப்பேசி காட்டும் வழி சில கஜம் தவறலாம். அந்தக் கலக்கத்தை அளக்கத் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் ஒரு நிலையமே இருக்கிறது. 2023 செப்டம்பரில் விட்ட ஆதித்யா விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டருக்கப்பால் நிற்கிறது. புயல் அதைத் தாண்டி நம்மை அடைய அரைமணி, ஒருமணியாகும். எச்சரிக்கைக்குக் கிடைப்பது அவ்வளவு நேரந்தான்.

"இவர்கள் சொல்வது மட்டும் தப்பாதோ?" என்றார். தப்பும். இப்போதைய சுற்று சாதாரணமாய், 2025 ஜூலையில் உச்சமாகும் என்று 2019-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழுவார் கணித்தார்கள். சூரியன் அதைவிடப் பலமாய்க் கிளம்பிற்று. 2023 அக்டோபரில் பழைய கணக்கு சரியில்லையென்று அவர்கள் நாட்டு நிலையத்தாரே அறிவித்துப் புதுக் கணக்கு வெளியிட்டார்கள். உங்கள் ஜோசியன் எந்த வருஷத்திலாவது போன வருஷப் பலன் தப்பென்று அச்சடித்துக் கொடுத்ததுண்டா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் போனார். பணம் திரும்பி வரவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு இதே திடலில் ஒரு சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடி கொண்டுவருகிறோம். அதன் வழியாய்ச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைக் காகிதத்தில் விழவைத்துப் புள்ளிகளைக் காட்டுவோம். கண்ணாடிக்குள் யாரும் கண்ணை வைக்கக்கூடாது, பார்வை போய்விடும். பிள்ளைகளைப் பென்சிலோடு அனுப்புங்கள், அவர்களே எண்ணட்டும்.