பாகம் கழுவும் தொட்டியில் என்ன ஊற்றுவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்க உறுப்பினர்கள், பெக்டரித் தொழிலாளர்கள் கலந்துகொண்ட ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு பற்றியெல்லாம் இந்த வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது சின்ன விஷயம் போலத் தெரியும். பெக்டரி வேக்சொப்பில் பாகம் கழுவுகிற தொட்டி ஒன்று இருக்கிறது. சில இடத்தில் அது முறையான தொட்டி, சில இடத்தில் பாதியாக வெட்டிய பீப்பா. பெயரிங், கியர்வீல், செயின், லொறி எஞ்சின் பாகம் எல்லாவற்றையும் அதில் போட்டுத்தான் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். அந்தத் தொட்டியில் என்ன ஊற்றுவது என்பதுதான் இன்றைய பாடம்.

இதில் மாஸ்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எதை ஊற்றுவது என்று முடிவெடுப்பது ஸ்டோரில் இருக்கும் விலைப்பட்டியல். அதற்குள் நாள் முழுக்க முழங்கை வரை நனைவது நம்முடைய அண்ணன் தம்பிமாரின் கை. அந்த உடுப்பைத் துவைப்பது வீட்டிலுள்ள அக்காமார். அந்த வாசத்தோடு பிள்ளையைத் தூக்குவதும் அதே கைதான். ஆகவே இது சங்கத்தின் வேலை.

எந்தத் திரவம் என்றாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, தீப்பிடிக்குமா? இரண்டு, உடம்புக்கு என்ன செய்யும்? மூன்று, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் என்ன செய்யும்? நான்கு, தேயிலைக்கும் தண்ணீருக்கும் என்ன செய்யும்? அழுக்குப் போகுமா என்பது ஐந்தாவது கேள்விதான். பல வேக்சொப்பில் அந்த ஐந்தாவதை மட்டுமே கேட்கிறார்கள்.

முதலில் பெற்றோல். கிறீஸ் உடனே கரையும், சீக்கிரம் காயும், அதனால் பாஸ்மாருக்குப் பிடிக்கும். ஆனால் பெற்றோலின் ஆவி தீயைப் பிடிப்பதற்குச் சூடே தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகைக் குளிரிலும் பிடிக்கும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற காலையிலும் அது ஆபத்துத்தான். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து போகும், குழியில் தேங்கும். தொட்டி இந்த மூலையில், கிரைண்டர் அந்த மூலையில் என்றாலும் ஒரு பொறி போதும். பெற்றோலில் பென்சீன் என்ற பொருளும் இருக்கிறது. நெடுங்காலம் சுவாசித்தால் அது இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது உறுதியான விஷயம். பாகம் கழுவப் பெற்றோல் கூடவே கூடாது. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது தின்னர். பெயின்ட்டைக் கரைக்க வந்த சாமான் இது. இதன் ஆவியும் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். தலைச்சுற்று, தலையிடி, வாந்தி உணர்வு வந்தால் அது பசியால் வந்தது என்று நினைக்காதீர்கள். தின்னர் மூளைக்கு ஏறியிருக்கிறது. இதுவும் தொட்டிக்கு ஆகாது.

இன்னொரு வகையைத் “தீப்பிடிக்காது” என்று சொல்லி விற்பார்கள். ட்ரைக்குளோரோஎதிலீன் போன்ற குளோரின் கலந்த திரவங்கள் அவை. தீ விஷயத்தில் அவை பரவாயில்லைதான். ஆனால் ட்ரைக்குளோரோஎதிலீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்வியில் பாஸ், இரண்டாவதில் பெயில். நான்கு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி மண்ணெண்ணெயும் டீசலும். நம் தோட்டங்களில் அதிகம் பாவிப்பது இவைதான். மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல்தான் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். டீசலுக்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். மலைநாட்டுக் குளிரில் இவை பெற்றோலை விட நல்லவை. ஆனால் டிரையருக்குள் போகும் காற்றின் சூடு 90 பாகைக்கு மேல். அதன் பக்கத்திலோ, விறகு அடுப்புக்குப் பக்கத்திலோ தொட்டியை வைத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். கம்பிரஷர் காற்றால் ஊதித் துளியாகப் பறக்கவிட்டால் குளிரிலும் தீப்பிடிக்கும். அந்தத் துளி நுரையீரலுக்குள்ளும் போகும்.

கையைப் பாருங்கள். மண்ணெண்ணெய் தோலில் உள்ள எண்ணெயை எடுத்துவிடும். தோல் வெளுத்து, வெடித்து, அரிக்கும். வெடித்த இடத்தால் அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். இதைப் பலர் “வேலைக் கை” என்று விட்டுவிடுகிறார்கள். அது வேலையால் வந்த தோல் நோய், மருந்து எடுக்க வேண்டியது.

கடைசியில் தண்ணீர். தண்ணீரில் கரைகிற கழுவு திரவங்கள் கடையில் இருக்கின்றன. சலவைச் சோடாவையும் சவர்க்காரத் தூளையும் சுடுதண்ணீரில் கரைத்தாலும் பெரும்பாலான கிறீஸ் போகும். தீப்பிடிக்காது, ஆவி மயக்காது. ஆனால் இதற்கும் குணம் உண்டு. கண்ணில் பட்டால் எரியும், ஆகவே கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கழுவிய பாகத்தை நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லையென்றால் துரு பிடிக்கும். கோஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம். அது தோலைப் பொசுக்கும். அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை வெளியிடும், அந்த வாயுவும் தீப்பிடிக்கும். சலவைச் சோடாவிலும் அலுமினியப் பாகத்தை ஊறப் போடாதீர்கள்.

அப்படியென்றால் முடிவு என்ன? கியர்வீல், செயின், மூடி, தட்டு போன்ற பெரிய பாகங்களுக்குத் தண்ணீர்க் கழுவு திரவம். துரு பிடித்தால் கெட்டுப்போகும் பெயரிங் போன்றவற்றுக்கு மட்டும் சிறிய தொட்டியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். அந்தத் தொட்டிக்கு இரும்பு மூடி வேண்டும், தீப்பிடித்தால் ஒரு தட்டில் மூடிவிடலாம். அது திறந்த காற்றோட்டமுள்ள இடத்தில், வெல்டிங்குக்கும் அடுப்புக்கும் தூரமாக இருக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும், அதையும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கையுறை விஷயத்தில் இறப்பர்த் தோட்டத் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறிப் பெருக்கும். வீட்டில் பாத்திரம் கழுவும் கையுறை இதற்குத் தாங்காது. நைட்ரைல் கையுறை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

துரைமாரிடம் பேசும்போது தேயிலையைப் பற்றியும் பேசுங்கள். தேயிலை பக்கத்திலுள்ள வாசத்தை இழுக்கும் சாமான். ரோலரிலோ சீடீசீ மெசினிலோ மண்ணெண்ணெய் வாசம் ஒட்டியிருந்தால் தூளிலும் அது வரும், ருசி பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதையும் ஞாபகப்படுத்துங்கள். அந்த விலை ஏறிய நாளிலிருந்து, மண்ணெண்ணெய் மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. பாவித்த எண்ணெயைத் தெளியவைத்து, மேலே உள்ளதைத் திரும்பப் பாவிக்கலாம். அடியில் தங்கும் கசடை மூடியுள்ள பீப்பாவில் சேர்க்க வேண்டும். கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும், கீழ் லயத்துப் பீலித் தண்ணீருக்கும் வரும்.

இப்போது தாய்மாருக்கு ஒரு வார்த்தை. வேக்சொப்பிலிருந்து மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வேலை உடுப்பை மற்ற உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். வேலை முடிந்து கையை மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைப் பெக்டரிக்கும் பொருந்தும். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் வந்து பார்க்கலாம். வேலையால் காயமோ சில தொழில் நோய்களோ வந்தால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கேட்கும்போது எழுத்து வேண்டும். தீக்காயமோ தோல் நோயோ வந்தால் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் திகதியையும், எந்தத் திரவத்தால் வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். “கையில் புண்” என்று மட்டும் எழுதினால் நாளைக்கு அது வீட்டில் வந்த புண் ஆகிவிடும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் பெக்டரி வேக்சொப்புக்குப் போய் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு வரவேண்டும். தொட்டியில் இருப்பது என்ன? அது வந்த தகரத்தில் பெயரும் எச்சரிக்கையும் ஒட்டியிருக்கிறதா? மூடியும் தீயணைப்பானும் இருக்கின்றனவா? கழுவுபவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கை கழுவ இடமும் கொடுத்திருக்கிறார்களா? கழுவுகிற தோழரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். தொட்டியைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பெயர் ஒட்டாத தகரத்திலிருந்து எதையும் தொட்டியில் ஊற்றமாட்டோம் என்பதை முதல் கோரிக்கையாக வைப்போம். அதற்குத் துரைக்குச் செலவு எதுவுமில்லை, மறுக்கக் காரணமும் இல்லை. மற்றவற்றை அந்தக் கடிதத்திலேயே வரிசையாக எழுதுவோம். கடிதம் எழுதுவதில் உதவி தேவையானவர்கள் வகுப்பு முடிந்ததும் இருங்கள், சேர்ந்து எழுதலாம்.