ஆராதனையும் பந்தியும்



மெய்யான ஆராதனை எது என்பதைக் குறித்துப் பேசப் புகுவோர், உள்ளத்தின் உருக்கத்தையும் தியானத்தின் ஆழத்தையும் ஜெபத்தின் ஏகாக்கிரதையையும் விரித்துரைத்து அமர்வதே வழக்கம். அவை வேண்டாதவை என்று சொல்ல நான் துணியேன். ஆனால் உருக்கத்தை அளக்க நம்மிடம் கருவி ஏதும் இல்லை. ஒரு சபை யாரோடு சேர்ந்து முழந்தாளிடுகிறது, யாரோடு ஒரே பாத்திரத்தில் பருகுகிறது என்பதையோ எவரும் கண்ணால் காணலாம். என் உரை அந்த எல்லையைத் தாண்டாது.

ஆவியோடும் உண்மையோடும் தொழுதல் வேண்டும் என்ற உபதேசம் யோவான் சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரத்தில் வருவதை அறிவீர்கள். நடுப்பகலில், வழிநடந்த களைப்போடு, மொண்டுகொள்ள ஒரு பாத்திரமும் இன்றிக் கிணற்றருகே அமர்ந்திருந்த யூதர் ஒருவர், யூதர் கலந்து பழகாத சமாரிய இனத்துப் பெண்ணிடம், அவள் குடத்துத் தண்ணீரையே கேட்டதிலிருந்துதான் அந்த உரையாடல் பிறந்தது. எருசலேமா, கெரிசீம் மலையா என்ற விவாதம் அதற்குப் பின்னர் எழுந்ததே. அவ்வுபதேசத்தைத் தனியே பிரித்தெடுத்து ஆலயச் சுவரில் பொறித்துவைக்கும் நாம், தீட்டென்று ஒதுக்கப்பட்ட அந்தக் குடத்தை ஏனோ கிணற்றடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கொரிந்து நகரத்துச் சபையில் செல்வர் முந்தி உண்டு களித்திருக்க, ஏழைகள் பசியோடு நின்றபோது, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று பவுல் கடிந்துகொண்டதும் இதே காரியத்தைக் குறித்துத்தான்.

தமிழகத்தில் இக்குடத்தின் கதை நீண்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாத தமிழ்ச் சுவிசேஷ சபையை நினைத்துப்பார்க்கவும் இயலாது. ஆயினும் 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி பேதம் அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்து, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகிய அக்காலத்தில், அம்மகாகவி நின்ற இடம் அத்தியட்சரின் பக்கம் அன்று. மிஷனெரிமார் எங்கள் ஆசாரங்களைச் சிதைக்கிறார்கள் என்ற அவருடைய முறையீட்டில், பூவும் பாட்டும் தமிழருக்குரிய சுப காரியங்களும் தடுக்கப்படலாகாது என்ற நியாயமும் இருந்தது. தனித் தனியே அமரும் வழக்கம் தொடரவேண்டும் என்ற அநியாயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே மறுத்தவர்களும், சேர்த்தே புகழ்ந்தவர்களும் அவரைச் சரியாக வாசித்தவர்கள் அல்லர். அவர் பாட்டில் நான் உருகுகிறேன். அவருடைய பந்தி ஒழுங்கை ஏற்க மறுக்கிறேன். பக்தியின் உச்சமும் மனிதனை விலக்கும் மனமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

கத்தோலிக்க சகோதரர்களின் சரித்திரமும் வேறாக இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்திலிருந்து இரு கிளைகளாகப் பிரியும்படி கட்டப்பட்டது. ஒரு கிளையில் ஒரு ஜாதியாரும் மற்றொன்றில் வேறு ஜாதியாரும் அமர்ந்து, பலிபூசையைக் காண்பார்கள், ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். சிற்ப சாஸ்திரத்தின் சாமர்த்தியம் இத்தகைய பணிக்கும் உதவியது! இரு கிளைகளுக்கும் இடையே நின்ற தடுப்புச் சுவர் 1910-இல் அகற்றப்பட, அதனைத் திரும்ப எழுப்பவேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சுவர் போனபின்பு ஜனங்கள் எங்கே அமர்ந்தார்கள் என்பதை நியாயஸ்தலம் விசாரிக்கவில்லை. அது நம்மைப் போன்ற ஆராய்ச்சியாளரின் வேலை.

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வகுத்த திருவிருந்து ஒழுங்கில், சிரியன் சபையினரின் பழைய முறையைத் தழுவிச் சமாதானம் கொடுத்தலைச் சேர்த்தது. குருவானவரிடமிருந்து புறப்பட்ட சமாதானம், ஒருவர் உள்ளங்கையை மற்றொருவர் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து, வரிசை வரிசையாக அப்பத்திற்கு முன்பாகவே சபை முழுதும் செல்லவேண்டும். இதனை அவ்வொழுங்கின் மிகத் துணிவான பகுதி என்றே மதிக்கிறேன். ஆனால் தன் உறவினர் நடுவிலேயே இடம்பிடித்து அமர்பவருக்கு இந்தச் சடங்கும் உறவினருக்குக் கை நீட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே, வழிபாட்டு நூல்களின் பாட பேதங்களையும் கீர்த்தனைகளின் இராக தாளங்களையும் ஆராய வந்திருக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம்: ஆலயத்தோடு நின்றுவிடாமல், அதனை அடுத்துள்ள கல்லறைத் தோட்டத்தையும் உங்கள் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சுவர் இடிந்த பல ஊர்களில் அங்கே அது இன்னும் நிற்கிறது. ஞானஸ்நானமும் திருவிருந்தும் சேர்த்துவைத்தவர்களை எந்த ஆண்டில், எவர் உத்தரவால், எந்தப் பதிவேட்டின்படி அடக்கத்தில் பிரித்தார்கள் என்பதை ஆவணங்களோடு எழுதுவார் வேண்டும். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.