பெயர் சொல்லி அழைப்போம்

(பொன்விழா நவநாளின் நான்காம் நாள் மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலயத்தின் பொன்விழாவைக் கொண்டாடுகிறோம். கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசியாயிற்று. கொடிமரம் மின்னுகிறது. ஆனால் சுண்ணாம்பும் வர்ணமும் எட்டாத ஓர் இடம் உண்டு. அதுதான் நமது நாவு. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சென்ற மாதம் விழாக் குழுவினர் வரி வசூல் நோட்டை என்னிடம் காட்டினார்கள். மேலத்தெரு, வடக்குத்தெரு, கடைத்தெரு என்று பக்கத்துக்கு ஒரு தலைப்பு. கடைசிப் பக்கத்தின் தலைப்பு 'காலனி'. அந்தத் தெருவுக்கு ஓர் அர்ச்சியசிட்டவரின் பெயரைச் சூட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஏன் அந்தப் பெயரை எழுதவில்லை என்று கேட்டேன். "ஒரு அடையாளத்துக்குத்தான் சாமி. தப்பா நினைச்சு எழுதல" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தீய எண்ணம் இல்லாமலே ஒருவரைப் புண்படுத்த முடியும். நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

எனக்கு இது தெரியக் காரணம், நானே அதைச் செய்தவன். குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் இருந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிவில், "காலனி மக்கள் மட்டும் பூசைக்குப் பின் என்னைப் பார்க்கவும்" என்று பீடத்திலிருந்து அறிவித்தேன். வீட்டு மனை விண்ணப்பம் பற்றிய நல்ல காரியம்தான். பூசை உடுப்பைக் கழற்றும்போது கோயிலுக்கு மணி அடிக்கும் முதியவர் வந்து நின்றார். "சாமி, எனக்கும் ஞானஸ்நானத்துல ஒரு பேரு வச்சிருக்காங்க. அது சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக அவர் அடித்த மணிக்குத்தான் எழுந்திருந்தேன். அவர் எந்தத் தெரு என்பது தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. அன்று மாலையே பதிவேட்டைப் புரட்டி அவர் பெயரைக் கண்டேன். அந்த வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அன்பர்களே, இத்தகைய தவறு நம் தாயாம் திருச்சபையின் செபத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று எல்லா மக்களுக்காகவும் வேண்டும் பெரிய மன்றாட்டுகளை அறிவீர்கள். அதில் யூதர்களுக்கான மன்றாட்டில் பல நூற்றாண்டுகளாக ஓர் இலத்தீன் அடைமொழி இருந்தது. விசுவாசம் இல்லாதவர் என்பதே அதன் முதற்பொருள் என்று அறிஞர் கூறுவர். ஆனால் ஐரோப்பிய மொழிகளில் அது 'துரோகிகள்' என்றே மக்கள் காதில் விழுந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு எல்லாரும் முழந்தாளிடுவார்கள். யூதர்களுக்கான மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாளிடும் வழக்கம் இல்லை. இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஐரோப்பாவில்தான், இட்லரின் ஆட்சியில், ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சொல் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் வெறுப்பு வளர்ந்த நிலத்தில் அந்தச் சொல்லும் விழுந்து கிடந்தது.

1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அந்த மன்றாட்டுக்கும் முழந்தாளிட வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். 1959-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் அந்தச் சொல்லையே நீக்கினார். 1963-ம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பழைய சொல் தவறுதலாக வாசிக்கப்பட்டபோது, வழிபாட்டை நிறுத்தி, அந்த மன்றாட்டைத் திரும்பச் சொல்ல வைத்தார். யூத மக்கள் அனைவர் மீதும் கிறிஸ்துவின் மரணப் பழியைச் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் போதித்தது. 1970-ம் ஆண்டுப் பூசைப் புத்தகம் அவர்களை இறைவாக்கை முதலில் கேட்ட மக்கள் என்று மரியாதையோடு குறிப்பிட்டது.

'பழைய வழக்கம்தானே, அகராதியில் பொருள் வேறுதானே' என்று சொல்லித் திருச்சபை தப்பித்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் பார்த்தால் போதாது. அச்சொல்லால் அழைக்கப்படுபவரின் நெஞ்சிலும் பார்க்க வேண்டும். காலனி என்றால் குடியிருப்பு. பட்டணத்தில் அதிகாரிகள் வாழும் இடங்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் கிராமத்தில் அது சாதியைச் சொல்லாமல் சொல்லும் குறிப்பாகிவிட்டது. அதனால்தான் 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசு விட்டுவிட முன்வந்த சொல்லை ஆண்டவரின் வீட்டில் நாம் வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கிறிஸ்தவர்களான தலித் மக்களை 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினராக ஏற்காததால், அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டுவதில்லை. நம்மோடு ஒரே அப்பத்தை உண்ணும் சகோதரனுக்கு அந்தச் சட்டம் கேடயமாக இல்லை. நம் மனச்சாட்சியாவது கேடயமாக இருக்க வேண்டாமா?

நம் ஆண்டவரும் இனப் பெயரால் ஏசப்பட்டவரே. அவரைச் சமாரியன் என்றும் பேய் பிடித்தவன் என்றும் பகைவர் பழித்ததை அருளப்பர் நற்செய்தி 8-ம் அதிகாரத்தில் காண்கிறோம். பேய் பிடித்தவன் என்பதை அவர் மறுத்தார். சமாரியன் என்பதை மறுக்கவே இல்லை. ஓர் இனத்தின் பெயரை அவர் அவமானமாகக் கருதவில்லை. அயலான் யார் என்ற கேள்விக்கு ஒரு சமாரியனையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்றார். உயிர்த்த அதிகாலையில் கல்லறையருகே அழுதுகொண்டு நின்றவளை 'மரியா' என்று பெயர் சொல்லித்தான் அழைத்தார்.

எனவே இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, பெயர் தெரியாதவரிடம் பெயரைக் கேளுங்கள், 'அந்தத் தெருவா?' என்று கேட்காதீர்கள். இரண்டாவது, வீட்டில் பிள்ளைகள் முன்னால் சாதி சொல்லிப் பேசாதீர்கள். வகுப்பில் சண்டை வரும்போது பிள்ளை வீசும் கல், வீட்டில் பெரியவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான். மூன்றாவது, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடவுள் பெயரிட்ட ஒருவரை நான் வேறு பெயரால் அழைத்தேனா?

வரி நோட்டின் தலைப்புகளை விழாக் குழுவினர் தாங்களாகவே அடித்துவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. விழா மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்கள் அகர வரிசையில் மட்டுமே வரும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரும் ஐயாயிரம் கொடுத்தவரும், எந்தத் தெருவினராயினும், ஒரே வரிசையில் நிற்பார்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே நாம் அப்படித்தான் நின்றோம். ஆண்டவர் முன்னிலையிலும் அப்படியே நிற்போமாக. ஆமென்.