ஒப்புதலுக்குப் பிறகு: அரசின் விதிகளும் கணக்குகளும் நாடாளுமன்றமும்

கருவூலத்தில் வாழ்நாள் முழுதும் பணிசெய்து, சரிபார்க்காமல் ஒரு பட்டியலிலும் கையெழுத்திடாதவர் என்று பெயரெடுத்த பெரியவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அரசு பிறப்பிக்கும் ஆணைகளையும் அரசு செலவிடும் பணத்தையும் மக்கள் சார்பில் யார் சரிபார்க்கிறார்கள் என்று பேசுவதே இங்கு பொருத்தமாக இருக்கும்.

2024 செப்டம்பர் 13 வரை கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. மறுநாள் முதல் 20 விழுக்காடு. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 ஆக இருந்த வரி 32.5 ஆயிற்று. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாக அரசு சொன்னது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் தொடுகிற இந்த முடிவு எடுக்கப்பட்ட நாளில் நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. ஆகஸ்ட் 9-இல் முடிந்த அவை, நவம்பர் 25-இல்தான் மறுபடியும் கூடியது. 2025 மே 30-இல் கச்சா எண்ணெய் வரி 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும் அவை நடக்கவில்லை.

சட்டத்தின் அனுமதியின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 265-ஆம் பிரிவு. மேலே சொன்ன அறிவிக்கைகள் அதை மீறவில்லை. வரிவிலக்கு தரவும் விலக்கைத் திரும்பப் பெறவும் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொடுத்தது நாடாளுமன்றமே. நம் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒரு பிரிவு இருக்கும்: இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசு விதிகள் வகுக்கலாம். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை ஒரு பிற்பகலில் நிறைவேற்றிவிடும். அதன்கீழ் வரும் விதிகளும் ஒழுங்குமுறைகளும் அறிவிக்கைகளும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். உரிமம் பெற எத்தனை நாள், என்ன கட்டணம், எந்தப் படிவம், யாரிடம் மேல்முறையீடு, எதற்குத் தண்டம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. மக்கள் அரசைச் சந்திக்கும் இடம் அது.

அரசு இப்படி விதி வகுப்பதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். மருந்தின் தரம், மின்சாரத்தின் அளவீடு, கப்பலின் பாதுகாப்பு என எல்லா நுட்பங்களையும் 543 பேர் கூடிய அவையில் வரிவரியாக வகுக்க இயலாது. அதிகாரத்தைக் கொடுத்தவர் அது எப்படிப் பயன்படுகிறது என்று திரும்பிப் பார்க்கிறாரா என்பதே கேள்வி.

பார்ப்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலான சட்டங்களின்படி, வகுக்கப்பட்ட விதி ஒவ்வோர் அவையின் மேசையிலும் மொத்தம் 30 நாட்கள் இருக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதைத் திருத்தலாம், ரத்து செய்யலாம். அதற்கு முன் அந்த விதிப்படி நடந்தவை செல்லும். இந்த ஏற்பாட்டில் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். விதியை வகுத்தவர் ஒப்புதல் கேட்டு வர வேண்டியதில்லை. எதிர்ப்பவர்தான் நாள் கேட்டு, நேரம் கேட்டு, இரண்டு அவைகளிலும் பெரும்பான்மை திரட்ட வேண்டும். மேசையில் வைக்கத் தவறினால்? அட்லஸ் சைக்கிள் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம், அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் பிறந்த ஆணை மேசையில் வைக்கப்படாததாலேயே செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ஆக, இந்தக் காவலை நாடாளுமன்றம்தான் காக்க வேண்டும். நீதிமன்றம் வந்து காக்காது.

2012 மே 17-இல் மாநிலங்களவையில் நடந்ததை அந்தக் காவலின் அரிய உதாரணமாகச் சொல்வேன். இணைய இடைநிலை நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளை ரத்து செய்யக் கோரி மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் பி. ராஜீவ் தீர்மானம் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் புகார் சொன்னாலே இணையப் பதிவை நீக்க வேண்டிய நிலையை அந்த விதிகள் உண்டாக்கின என்பது அவருடைய வாதம். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆனாலும் அமைச்சர் கபில் சிபல் எல்லாத் தரப்பினரையும் அழைத்துப் பேசுவதாக உறுதியளித்தார். அடுத்த ஆண்டு மக்களவையின் சார்நிலைச் சட்டங்கள் குழு அதே விதிகளை ஆராய்ந்து தன் அறிக்கையைத் தந்தது. தோற்ற தீர்மானம் ஒரு விதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அந்தக் குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1953-இல் மக்களவையிலும் 1964-இல் மாநிலங்களவையிலும் தொடங்கப்பட்டது. மக்களவைக் குழுவில் 15 பேர். அமைச்சர்கள் இடம்பெற முடியாது. தாய்ச் சட்டம் தராத அதிகாரத்தை விதி எடுத்துக்கொள்கிறதா, வரி சுமத்துகிறதா, முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருகிறதா, நீதிமன்றம் போகும் வழியை அடைக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது அதன் வேலை. சட்டம் வந்த 6 மாதத்துக்குள் விதிகள் வர வேண்டும் என்பது நடைமுறை. முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. விதிகள் வந்தது 2024 மார்ச் 11-இல். இடையில் மீண்டும் மீண்டும் அவகாசம் கேட்கப்பட்டது, கிடைத்தது. அந்தச் சட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: சட்டம் எப்போது உயிர்பெறும் என்பதை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அரசு மட்டுமே முடிவு செய்யலாமா?

இனி பணம்.

நாடாளுமன்றம் சட்டமியற்றி அனுமதிக்காமல் இந்தியத் தொகுநிதியத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு மக்களவைக்கு வர வேண்டும். ஆனால் விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாளின் மாலையில், பேசப்படாமல் மிஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்படும். கில்லட்டின் என்று அவையில் சொல்வார்கள். 2018 மார்ச் 14-இல் ஒரு துறையின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அனைத்தும் இப்படி நிறைவேறின. 2023 மார்ச் 23-இல் மறுபடியும் அதுவே நடந்தது. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். இரண்டு முறையும் அமளி. அமளிக்கு யார் காரணம் என்று கட்சிகள் ஒன்றையொன்று கைகாட்டும். விவசாயத்துக்கும் ரயில்வேக்கும் ஒதுக்கிய பணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை என்பது மட்டும் பதிவில் நிற்கிறது.

விவாதம் நடந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்று காட்ட, அதன் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். அது வென்றால் அரசு பெரும்பான்மையை இழந்ததாகப் பொருள். ஆகவே கொறடா உத்தரவு பறக்கும். கட்சித்தாவலைத் தடுக்க 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைக்குப் பிறகு, உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். தன் தொகுதி மருத்துவமனைக்கு ஒதுக்கீடு போதவில்லை என்று அறிந்த ஆளுங்கட்சி உறுப்பினரும் ஆம் என்றே வாக்களிக்க வேண்டும்.

குழு அறையில் அந்தக் கொறடா இல்லை. நான் குழுக்களைப் பெரிதும் மதிப்பது இதனால்தான். பொதுக்கணக்குக் குழு 1921-இல் பிறந்தது. அப்போது நிதித்துறையைப் பார்த்த உறுப்பினரே அதற்குத் தலைவர். செலவுக்குப் பொறுப்பானவரே செலவைச் சரிபார்த்தார். 1950-க்குப் பிறகு குழு அவைத்தலைவரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த மினு மசானி 1967-இல் குழுவின் தலைவரானார். அதிலிருந்து எதிர்க்கட்சியினரைத் தலைவராக்கும் மரபு நிலைத்தது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என 22 பேர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களை எதிரில் அமர்த்திக் கேள்வி கேட்கும் இடம் அது.

அது எப்போதும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2011 ஏப்ரலில் அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய வரைவறிக்கை மீது பொதுக்கணக்குக் குழு கட்சிவாரியாகப் பிளந்து, கூட்டமே குலைந்தது. அவையின் சண்டை அறைக்குள் நுழைந்துவிட்டால் குழுவுக்குத் தனி மதிப்பு ஏது?

தணிக்கையின் பயனுக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒரே கைபேசி எண்ணில், அதாவது பத்து ஒன்பதுகள் கொண்ட எண்ணில், 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். இறந்ததாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் பிறகும் சிகிச்சைக் கோரிக்கைகள் வந்திருந்தன. தகுதியைச் சரிபார்க்கக் கைபேசி எண் தேவையே இல்லை என்று அரசு பதில் சொன்னது. அந்தப் பதில் போதுமா என்று துருவிக் கேட்க வேண்டிய இடம் குழு அறை. ஆனால் தணிக்கைப் பத்திகளில் சிலவற்றை மட்டுமே பொதுக்கணக்குக் குழுவால் எடுத்துக்கொள்ள முடிகிறது. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓராண்டு. ஒரு துறையின் கணக்கைப் புரிந்துகொள்ளும்போது அது முடிந்துவிடும். குழு அறிக்கைகள் அவையில் விவாதத்துக்கு வருவதோ மிக அரிது.

1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்களும் இருக்கின்றன, இப்போது 24. மானியக் கோரிக்கைகளைச் செலவுக்கு முன்பே ஆராய்பவை இவை. ஆனால் வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுள்ள எதையும் தங்கள் அறிக்கையில் பரிந்துரைக்கக் கூடாது என்று அவை விதியே இவற்றின் கையைக் கட்டியிருக்கிறது. அந்த விதியை நீக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நேரம். முதல் மக்களவை ஐந்தாண்டில் 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவை 274 நாட்கள். அரசின் செலவும் விதிகளும் பல மடங்கு பெருகிய காலத்தில், பார்க்கும் நாட்கள் பாதிக்கும் கீழே போய்விட்டன. ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். தணிக்கை அறிக்கைகளுக்கும் பொதுக்கணக்குக் குழு அறிக்கைகளுக்கும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நாள் ஒதுக்க வேண்டும். உரிமையைப் பறிக்கிற அல்லது வரிச்சுமையைக் கூட்டுகிற விதியாக இருந்தால், அவை வெளிப்படையாக ஏற்றால்தான் தொடரும் என்று தாய்ச் சட்டத்திலேயே சொல்ல வேண்டும்.

நம் சட்டமன்றத்தைப் பற்றியும் ஒரு சொல். மானியக் கோரிக்கைகளைத் துறைவாரியாக, கொள்கை விளக்கக் குறிப்புகளோடு, பல நாட்கள் விவாதிக்கும் நல்ல வழக்கம் இங்கே உண்டு. அதைப் பேண வேண்டும். கேரளத்தில் 1980 முதல் துறைகளுக்கான பொருள்வாரிக் குழுக்கள் இயங்குகின்றன; அந்த ஏற்பாடு இங்கும் வர வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைவுச் சட்டங்களையும் வரைவு விதிகளையும் 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. அது முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை. பின்பற்றப்படும்போதாவது நாம் படித்துக் கருத்தனுப்ப வேண்டும். இந்தக் கல்லூரியின் வணிகவியல், பொருளியல் துறைகள் ஆண்டுதோறும் மாநிலத் தணிக்கை அறிக்கையிலிருந்து ஒரு துறையை எடுத்துக்கொள்ளலாம். அதில் சொல்லப்பட்ட பள்ளியையோ பாலத்தையோ நேரில் போய்ப் பார்த்து எழுதி, தொகுதி உறுப்பினருக்கும் பொதுக்கணக்குக் குழுவுக்கும் அனுப்பலாம். முதல் ஆண்டுக்கான அறிக்கையைத் தேர்ந்தெடுப்பதில் துணைநிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.