600 மெகாவாட் நிலையம் மூடியாச்சு, நம்ம நிலம் எங்கே?

 

நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. 2020-ல் மூடிய நிலையத்துக்கு இப்போ என்ன பேச்சு என்று நீங்க கேட்கலாம். நிலம் கேட்டு நோட்டீஸ் வரும்போதெல்லாம் "நாட்டுக்குக் கரண்ட் வேணும்" என்று ஒரே பேச்சாகச் சொல்றாங்க. அந்தக் கரண்ட் கணக்கு நமக்கும் தெரிய வேணும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது கருப்பாக வந்ததுதான் இந்தப் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் அமைத்தார்கள். 1962-ல் சோவியத் உதவியோடு முதல் யூனிட் ஓடியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூணு, ஆக மொத்தம் 600. இன்றைக்கு ஒரே யூனிட் 500 மெகாவாட் வைக்கிறார்கள். அந்த அளவில் பார்த்தால் இது சின்ன நிலையம்தான். ஆனால் அது செய்த வேலை சின்னது இல்லை. அதற்கு முன் பைகாரா, மேட்டூர் என்று அணைத் தண்ணீரைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தோம். மழை பொய்த்தால் கரண்டும் பொய்க்கும். மழையைப் பார்க்காமல் ராவும் பகலும் ஓடுகிற கரண்டை நெய்வேலி கொடுத்தது. கமலையை அவிழ்த்துவிட்டு மோட்டார் வைத்த காலம் அதுதான்.

அந்த மோட்டாருக்கும் நாம் விலை கொடுத்திருக்கிறோம். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. யாரும் தூக்கிக் கொடுத்த தானம் இல்லை அது. ஆகவே கரண்ட் வேணாம் என்று நாம சொல்லவில்லை.

ஆனால் இந்த நிலக்கரியில் பாதி ஈரம். ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் எரிக்கணும். உங்க 5 எச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 20 யூனிட்டுக்கு மேல் ஆகும். அதற்கே ஒரு சாக்கு கரி! ஒரு டன் கரிக்கு மேல் அஞ்சாறு கனமீட்டர் மண்ணை அள்ளணும். கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பும். அதனால் அங்கே பம்பு நிற்கவே கூடாது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வாலாஜா ஏரிக்கு வருது, அதை நம்பிப் பயிர் வைக்கிறவங்க இருக்காங்க, மறுக்கவில்லை. ஆனால் நிலத்துக்குள் இருந்தது எவ்வளவு, இறைத்தது எவ்வளவு என்ற கணக்கை எந்த ஊராட்சிப் பலகையிலாவது எழுதிப் போட்டிருக்காங்களா?

சரி, நிலையத்தை மூடினாங்களே, விளக்கு அணைந்ததா? 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் 600 என்பது நூற்றுக்கு மூணு கூட வராது. பக்கத்திலேயே 1,000 மெகாவாட் புது நிலையமும் வந்தாச்சு. காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று ஆனி ஆடியில் வீசும், தையில் வீசாது, அது எனக்கும் தெரியும். அதற்காக, விளைகிற நிலத்தை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் யோசிப்பதா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதாகச் சொல்லிக் கதிர் வரும் நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கினதை நாடே பார்த்தது.

2013 மத்தியச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் எடுத்தால் அந்த ஆய்வு வேண்டாம். இந்தச் சந்துக்குள்ளேதான் நம்ம நிலம் போகுது.

நிலையத்துக்கு ஆயுள் உண்டு, ஐம்பத்தெட்டு வருஷத்தில் முடிந்தது. நிலத்தை மட்டும் ஏன் நிரந்தரக் கிரயமாக எடுக்கணும்? கரி எடுக்கிற காலத்துக்குக் குத்தகை போடு. வருஷா வருஷம் குத்தகைப் பணம் கொடு. குழியை மூடி, மேல்மண்ணைப் பரப்பி, கொடுத்தவன் வாரிசிடம் ஒப்படை. இதைத்தான் மனுவில் எழுதியிருக்கிறோம்.

பழைய அவார்டு நகல், அப்பா தாத்தா பேரில் இருந்த பட்டா, கிஸ்தி ரசீது, எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்க. அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்க, யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்குது என்பதை மாசம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்க.